ஒட்டாத கண்

"மஸ்காரா வேணுமா, இல்ல இப்படியே ஒட்டிரட்டுமா?"

அக்கா கேட்டாள். நான் வாசலருகே முக்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நடையில் மாட்டியிருந்த கண்ணாடியின் முன் நின்றிருந்தாள். ஒரு கையில் இடுக்கி. அதன் நுனியில் ஒட்டு இமைப் பட்டை மரவட்டையின் கால்களைப் போல வளைந்து நின்றது. மறு கையில் மஸ்காராக் குப்பி.

"கிட்ட வந்து பாரேன்டா."

"நேரமாச்சுக்கா. கடைச் சாவி என்கிட்டதான் இருக்கு. எல்லாரும் வாசல்ல நிப்பாங்க."

"நிக்கட்டுமே, காலு தேஞ்சா போயிடும்? ஒரு தடவை பார்த்துட்டு, வேணும் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. சாயங்காலம் கிளினிக்ல ஃபோட்டோ எடுக்கறாங்க."

"உனக்கு எதுக்கு மஸ்காரா? பூசறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊரான் கண்ணையெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்க்கிற. வீட்டுல இருக்கிற கண்ணு மட்டும் தெரியாது. போ, போய்க் கடையைத் திற."

"வரேன், சிமிட்டி."

"போயிட்டு வாடா, கண்ணாடி."

கதவைச் சாத்திக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுடைய டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

அக்கா பல் மருத்துவருக்கு உதவியாளராக இருந்தாள். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வதும், விளக்கைத் திருப்புவதும், பயந்தவர்களின் கையைப் பற்றிக்கொள்வதும் அவள் வேலை. அன்று ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார்கள். "டாக்டர், ஒரு நிமிஷம், தலை ஒரு மாதிரி இருக்கு" என்று குழாயை அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு சாய்ந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பிறவியிலேயே அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும், யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காலையில் நான் சொன்னதற்கும் அவள் சாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அக்காவின் மேல் இமைகளில் முடி கிடையாது. இதைத் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும்தான். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். பள்ளியில் படிக்கிற காலத்தில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஒவ்வொரு இமை முடியாகப் பிடுங்கத் தொடங்கினாள். வலிக்காதா என்று கேட்டால், "பிடுங்கினதும் ஒரு நிம்மதி வருதுடா, தும்மல் வந்து போன மாதிரி" என்பாள். அம்மா திட்டினாள், கையில் அடித்தாள், தூங்கும்போது காலுறையைக் கையில் மாட்டிவிட்டாள். தோல் டாக்டரிடமும் காட்டினாள். அது தோல் வியாதி இல்லை, பழக்கம், திட்டாமல் இருங்கள் என்று அவர் அம்மாவைத் திட்டினார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரு கடையில் நுழைந்து ஒட்டு இமைப் பெட்டி ஒன்றை வாங்கினாள். "நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க" என்பதே அம்மாவின் கவலை. வீடு வந்ததும் அவளே ஒட்டிவிட்டாள். அக்கா அன்று முழுவதும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே திரிந்தாள். நான் வைத்த பெயர்தான் சிமிட்டி.

ஒருமுறை அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டாள். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே இமை ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டையைக் கண்ணின் அளவுக்கு நறுக்கி, பசை தடவி, பசை கொஞ்சம் இறுகும்வரை காத்திருந்து, நடுவில் முதலில் வைத்து, பிறகு இரண்டு ஓரங்களையும் அழுத்த வேண்டும். சின்னத் திருகாணி, சின்ன இடுக்கி என்று பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிழைப்புக் கிடைத்ததற்கு அந்த மாதத்துப் பழக்கமும் ஒரு காரணம் என்று அவள் சொல்லிக் காட்டுவாள். முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தபோது, அந்த வழுவழுப்பான இமைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"பார்க்காதடா. ஒட்டு, போதும்" என்றாள்.

அன்றோடு நான் பார்ப்பதை விட்டேன். கட்டுப் பிரித்த பிறகும் அப்படித்தான். காலையில் எழுந்து வருவாள், குளித்து வருவாள், அவள் நெற்றியைப் பார்த்துப் பேசுவேன், காதைப் பார்த்துப் பேசுவேன். அதைப் பற்றிக் கேலி பேசிக்கொள்ளலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஒட்டாத கண்ணைப் பார்ப்பது மட்டும் கூடாது. எங்கள் வீட்டில் அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. கடையில் நாள் முழுவதும் வந்தவர்களின் தாடையை ஏந்திக் கண்மணிக்கும் கண்மணிக்கும் இடையே அளவெடுக்கிறவன், சொந்த அக்காவின் கண்ணைப் பல வருஷங்களாகப் பார்க்கவில்லை.

மஸ்காரா அவள் மேஜையில் இருந்ததே இல்லை. ஒட்டு இமை போடுகிறவர்கள் மஸ்காரா பூசுவது சொந்த முடியையும் ஒட்டிய முடியையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கு. பூசாவிட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சொந்த முடியே இல்லாதவளுக்கு எதை எதனோடு சேர்ப்பது? போதாததற்கு, கிளினிக்கில் வாயை மூடி முகக்கவசம், கண்ணுக்கு முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு. மூச்சின் ஆவியில் மஸ்காரா கரைந்து கன்னத்தில் வழியும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவளே அவள்தான். அப்படிப்பட்டவள் கையில் அன்று மஸ்காராக் குப்பி இருந்தது. அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் என்னைக் கிட்ட வந்து பார் என்று கூப்பிட்டதும் அத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை.

மருத்துவமனையில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தாள். சங்கிலி, தோடு, கைக்கடிகாரம். அடியில் பஞ்சில் சுற்றி அந்த இரண்டு பட்டைகள். "சிகிச்சைக்காகக் கழற்ற வேண்டியதாப் போச்சு" என்று தப்புச் செய்தவளைப் போலச் சொன்னாள். பட்டைகளின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓ, நான் சொல்லியும் பூசிக்கொண்டு போயிருக்கிறாள், நல்ல பட்டையைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

அம்மா அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காலைல உன்கிட்ட என்ன பேசினா?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா. எப்பவும் போல."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் எதையோ விழுங்குகிற மாதிரி இருந்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை உறவினர்களும் கிளினிக்காரர்களும் வந்து பார்ப்பதற்கு இறுதி அஞ்சலிக் கூடத்தில் ஏற்பாடாகியிருந்தது. முகம் தெரியும்படி வைப்பார்கள். மதியமே நானும் அம்மாவும் அவளுடைய துணிமணி, ஒட்டு இமைப் பெட்டி, கைப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

"இமையை நீ ஒட்டிடுடா" என்றாள் அம்மா.

"அங்க அதுக்குன்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்களே செய்வாங்களாம்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? நீ ஒட்டு. நீ ஒட்டினா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒட்டாத கண்ணோட அவளை யாருக்கும் காட்டக் கூடாது."

உள்ளே அறை குளிர்ந்திருந்தது. அலங்காரம் செய்கிற அம்மாள் பருத்த உடம்புக்காரர். ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, தலை சுத்தற மாதிரி இருந்தா முதல்லயே உட்கார்ந்துடுங்க. விழுந்ததுக்கு அப்புறம் உட்கார முடியாது."

"சரிங்கம்மா."

"முகம் கழுவி, தலை சீவி வச்சிருக்கேன். கண்ணுப் பக்கம் நான் போகல, நீங்க செய்வீங்கன்னு சொன்னாங்க. லைட்டைக் கிட்டக் கொண்டுவரட்டுமா?"

அக்கா கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். பழக்கதோஷம், நெற்றியைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். புதுப் பட்டை ஒன்றை எடுத்து, பசை தடவி, அது இறுகும்வரை காத்திருந்தேன். இதற்கு மேல் பார்க்காமல் முடியாது. கடையிலிருந்து கொண்டுபோன, தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

இமையின் விளிம்பில் தூசி படிந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

"என்ன தம்பி?" என்றார் அந்த அம்மாள்.

"முடி."

"ஆமா, இமை முடி. எல்லாருக்கும் இருக்கிறதுதானே?"

"இவங்களுக்குக் கிடையாது."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் முழங்காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

ஒரே சீராக இல்லை. சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் ஒன்றிரண்டாக. பல் தேய்க்கும் பிரஷ்ஷில் தேய்ந்துபோன இழைகளைப் போலக் குட்டை குட்டையாக முளைத்திருந்தது. அடி பழுப்பு. நுனியெல்லாம் கறுப்பு. நான் துடைத்தும் அவள் பூசிய மஸ்காரா பெரும்பாலும் போகாமல் இருந்தது.

பூசறதுக்கு அங்க என்ன இருக்கு?

இதுதான் இருந்தது. இதைக் காட்டத்தான் கூப்பிட்டாள். மஸ்காரா வேணுமா என்று கேட்டது யோசனை கேட்க இல்லை. சொந்த முடி இருக்கிறவள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளுக்காக எத்தனை காலம் காத்திருந்தாளோ! கடைக்குப் போய்க் குப்பி வாங்கி, கண்ணாடி முன் நின்று, என் ஷூ நாடாவிடம் கேட்டிருக்கிறாள்.

கையிலிருந்த பட்டையில் பசை முழுக்கக் காய்ந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். மேலே பட்டையை ஒட்டிவிட்டால் தெரியப்போவதில்லை. மகளுக்கு முளைத்ததைப் பார்க்காமலே விட்டோம் என்ற வேதனை ஒருத்தனோடு போகட்டும். இன்னொரு பட்டையை எடுத்தேன், பசை தடவினேன். ஆனால் அதை அந்தக் குட்டை முடிகளின் மேல் கொண்டுபோகக் கை வரவில்லை. அப்படியே மூடினால், காலையில் சொன்னதையே இரண்டாம் தடவை சொல்வது போலாகும். இடுக்கியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அவளுக்கு முடி முளைச்சிருக்கு."

அம்மா நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"போன மாசம் காட்டினா. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். பக்கத்துல வந்து நின்னு கண்ணை மூடிக்கிட்டு, 'தொட்டுப் பாரும்மா'ன்னா."

"தொட்டியா?"

"கையெல்லாம் சோப்பு." அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு எனக்கு. ஆனா வாய்ல வந்தது என்ன தெரியுமா? 'இன்னும் பத்தலை, நல்லா வரட்டும், அதுவரைக்கும் ஒட்டிக்கிட்டே போ'ன்னு சொன்னேன். அவ முகம் இத்தனூண்டு ஆயிடுச்சு. அப்புறம் அவளே, 'ஆமாம்மா, பத்தலைதான்'ன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிட்டா."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. 'கண்ணு பார்த்துச் சம்பாதிக்கிறவன், அவனா கண்டுபிடிக்கட்டும், எத்தனை நாள் ஆகுதுன்னு பார்ப்போம்'னா. தினமும் ஒட்டாம வந்து உன் எதிர்லயே சாப்பிட உட்காருவா. என்னைப் பார்த்துக் கண்ணடிப்பா. நீ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவ. 'இவன்கிட்ட போய் ஜனங்க கண்ணைக் குடுக்குதே'ன்னு சிரிப்பா."

எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாக அவள் வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட கிளினிக் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வீட்டுலயும் யார் வாயில கைவிடப் போற?" என்று கேட்டிருக்கிறேன். "உன் வாயில, பேச்சு நிக்கட்டும்னு" என்றாள். வழுவழுப்பான ரப்பர் விரலால் இமை முடியைப் பிடித்துப் பிடுங்க முடியாது. எல்லாம் என் கண்முன்னேதான் நடந்திருக்கிறது.

"காலைல அவ என்கிட்ட கேட்டாம்மா."

"என்ன கேட்டா?"

சொன்னேன். அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "ஒட்டாமலே விட்டுடுவோமா?" என்றாள்.

"நீதானே ஒட்டாத கண்ணைக் காட்டக் கூடாதுன்ன?"

"சொன்னேன். சொல்லிச் சொல்லித்தானே அவளை இந்த நிலைமைல வச்சேன். இப்பவாவது அவளோடத எல்லாரும் பார்க்கட்டுமே."

"பார்த்தா என்ன தெரியும்? இவளுக்கு இமை முடி உதிர்ந்துபோச்சு போலன்னு நினைப்பாங்க. இது வளர்ந்ததுன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"அவ காட்டணும்னு நினைச்சிருப்பாடா."

"நினைச்சிருந்தா நேத்து ஏன் ஒட்டிக்கிட்டுப் போனா?"

"நான் பத்தலைன்னு சொன்னேனே, அதனால."

"ஆமா, நீ சொன்னதனாலதான்!"

சொல்லிவிட்டேன். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா தலையை ஆட்டினாள், கணக்கில் எழுதிக்கொள்கிறவளைப் போல. எங்கள் இருவர் தவறில் யாருடையது பெரியது என்று எடை போட அங்கே மூன்றாவது ஆள் இருந்திருந்தால், அது அவள்தான். அவள் இருந்திருந்தால், "ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா, பேஷன்ட் பயப்படறாங்க" என்றிருப்பாள்.

அம்மாவின் மடியில் அந்த உறை இன்னும் இருந்தது. வாங்கிப் பட்டைகளை வெளியே எடுத்தேன். பூதக்கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். மஸ்காரா பட்டையின் நுனிகளில் இல்லை. மேல்புறத்திலும் இல்லை. அடிப்பக்கம், சொந்த முடி வந்து இணைகிற இடத்தில் மட்டும், அளவாக, சிந்தாமல் பூசப்பட்டிருந்தது. அவசரத்தில் பூசியதில்லை. முதலில் தன்னுடையதற்குப் பூசி, காயவிட்டு, பட்டையை ஒட்டி, பிறகு இரண்டையும் கீழிருந்து ஒருமுறை சேர்த்து வாரியிருக்கிறாள். பிரித்தெடுக்கும் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

"அம்மா, அவ மறைக்கறதுக்கு ஒட்டல" என்றேன். "சேர்த்து ஒட்டியிருக்கா. பாரு."

அம்மா பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தாள். எதைப் பார்த்தாளோ.

"அவளுக்குப் பெரிய இமைன்னா பிடிக்கும்டா" என்றாள். "முன்னாடி எனக்காக ஒட்டினா. அப்புறம் அவளுக்கே பிடிச்சுப்போச்சு."

அது உண்மை. "வாயைத் திறந்துட்டு மல்லாந்து கிடக்கிறவங்களுக்கு நான் வெறும் ரெண்டு கண்ணுதான்டா" என்பாள். "அந்த ரெண்டும் நல்லா இருந்தா பாதி வலி போயிடும், ஊசி மீதிக்குத்தான்."

"அப்ப அவ நேத்து எப்படிக் கிளம்பினாளோ அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "முதல்ல நான் ஒரு தடவை பார்க்கணும்."

உள்ளே போனோம். அம்மா நேராகச் சுவரோரம் இருந்த குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போகக் கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அலங்கரிக்கிற அம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஆள்காட்டி விரலை அக்காவின் இமை விளிம்பில் வைத்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்ல நகர்த்தினாள்.

"குத்துது" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "குத்துதுடா!"

அம்மா முதல்முறையாக அழுதது அப்போதுதான்.

அக்காவின் கைப்பையிலிருந்து மஸ்காராக் குப்பியை எடுத்தேன். நான் யாருக்கும் மஸ்காரா பூசியதில்லை. நிறைய எடுத்தால் திரளும் என்று அவள் யாரிடமோ ஃபோனில் சொல்லிக் கேட்டது நினைவிருந்தது. பிரஷ்ஷைக் குப்பியின் வாயில் வழித்துவிட்டு, அடியிலிருந்து மேலாக, அந்தக் குட்டை முடிகளின் மேல் ஒருமுறை இழுத்தேன். அவள் நேற்று பூசியதன் மேல் இன்னொரு பூச்சு. உண்மையில் அது தேவையே இல்லை. அவள் பூசியதே போதுமானதாக இருந்தது. இருந்தும் பூசினேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. வேணும்க்கா என்று வாய்விட்டுச் சொல்ல அந்த அம்மாள் இருந்ததால் வெட்கமாக இருந்தது. மனதுக்குள்ளும் சொல்லவில்லை. மறு கண்ணுக்கும் பூசினேன். காயவிட்டேன். உறையிலிருந்த அவளுடைய பட்டைகளுக்கே பசை தடவி, நடுவில் வைத்து, ஓரங்களை அழுத்தி, கடைசியாகக் கீழிருந்து இரண்டையும் சேர்த்து வாரிவிட்டேன்.

சேர்ந்துகொண்டன. எது ஒட்டியது, எது முளைத்தது என்று எனக்கே தெரியவில்லை.

"நல்லா இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மாள். அவர் நல்லவர். ஆனால் அதைக் கேட்டதும், பாராட்டுக்காகச் செய்ததைப் போல ஒரு குறுகுறுப்பு வந்து இன்றுவரை போகவில்லை.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். டாக்டர் வெகுநேரம் நின்றார். "கூட இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கேன், மாஸ்க் இல்லாம இவ்வளவு நேரம் இவங்க முகத்தைப் பார்த்ததே இல்ல" என்றார். நேற்று ஃபோட்டோக்காரர் வந்து விஷயம் தெரிந்து கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனாராம். அந்தப் பெரியவரும் வந்திருந்தார், பாதியில் நின்ற பல்லோடு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு. "கையைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் சித்திக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. அக்காவின் முகத்துக்கு மிக அருகே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தூங்கற மாதிரியே இருக்கா. அந்த இமையைப் பாரேன், எவ்வளவு அடர்த்தி! ஏன்க்கா, அவளோடதுதானா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளோடதுதான்" என்றாள்.

சித்தி நகர்ந்த பிறகு நான் கிட்டப் போனேன். மிகவும் கிட்ட. இந்தத் தடவை நெற்றியையும் பார்க்கவில்லை, காதையும் பார்க்கவில்லை. அக்காவுக்கு வலது கண்ணின் வெளி ஓரம் கொஞ்சம் சரிவு. யார் ஒட்டினாலும், எவ்வளவு பசை வைத்தாலும், பட்டை அந்த ஓரத்தில் மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். அன்றும் தூக்கியிருந்தது.